ஒரு நோயாளி, ஒரு எண்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ரோசெஸ்டர் நகரிலுள்ள மேயோ கிளினிக்கில் ஒவ்வொரு டாக்டரும் தனிப் பேரேடு வைத்திருந்தார். ஒரே நோயாளியின் விவரம் பல பேரேடுகளில் சிதறிக் கிடந்தது. ஒருவர் எழுதியது இன்னொருவர் கண்ணில் படாது.

1907-இல் டாக்டர் ஹென்றி பிளம்மர் அதை மாற்றினார். நோயாளிக்கு ஒரு எண், ஒரே கோப்பு. ஆய்வக முடிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு என எல்லாம் அதற்குள் சேர்ந்தன.

இந்த ஒழுங்கு ஆராய்ச்சிக்கும் கைகொடுத்தது. 1966-இல் மேயோ கிளினிக்கின் டாக்டர் லெனார்ட் கர்லேண்ட், ரோசெஸ்டர் அமைந்துள்ள ஓம்ஸ்டெட் கவுண்டியின் வெவ்வேறு மருத்துவ நிலையங்களின் பதிவுகளை இணைக்கத் தொடங்கினார். அந்த வட்டார மக்களுக்கு என்ன நோய் வந்தது, சிகிச்சைக்குப் பின் என்ன ஆனது எனப் பல ஆண்டுகள் பின்தொடர முடிந்தது.

அந்தத் திட்டம் இன்று கணினி வழியே தொடர்கிறது. தம் பதிவை ஆராய்ச்சிக்குத் தர மறுக்கும் உரிமையும் நோயாளிக்கு உண்டு.