பிவா தண்ணீரும் பெரியாற்றுத் தண்ணீரும்

கியோட்டோ போன இரண்டாம் நாள் காலை, வாய்க்கால் கரையோரம் நடந்துகொண்டிருந்தபோது எங்கள் வீட்டுக்காரர் சட்டென்று நின்றுவிட்டார். கரையில் குத்தவைத்து உட்கார்ந்து தண்ணீரையே பார்த்தார். சின்னமனூர்ப் பக்கம் இருபோக வயல் வைத்திருப்பவர். எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்துக்கு முன்னால் தண்ணீரைத்தான் பார்ப்பார்.

"இந்தா, இங்க பாரு. நேத்துப் பாத்த ஆறு தெக்க போச்சுல்ல? இது வடக்க போகுது."

"அதுக்கு என்னங்க?"

"தானா வந்த தண்ணி இல்ல இது. கொண்டுவந்த தண்ணி."

அவர் சொன்னது சரிதான். காமோ ஆறு உள்படக் கியோட்டோவின் ஆறுகள் தெற்கு நோக்கி ஓடுகின்றன. 'தத்துவவாதியின் பாதை' என்று உலகமே படமெடுத்துக்கொள்ளும் அந்த இரண்டு கிலோமீட்டர் கரையை ஒட்டிய தண்ணீர் மட்டும் வடக்கே போகிறது. கியோட்டோ பல்கலைக்கழகத் தத்துவப் பேராசிரியர் நிஷிதா கிதாரோ யோசித்தபடி நடந்த கரை என்பதால் அந்தப் பெயர். ஓரத்தில் நிற்கும் செர்ரி மரங்களுக்கு மூலம், ஹாஷிமோட்டோ கன்செட்சு என்ற ஓவியரும் அவர் மனைவியும் 1920களின் தொடக்கத்தில் கொடுத்த கன்றுகள். கணவன் மனைவியாகச் சேர்ந்து ஊருக்கு மரம் கொடுத்திருக்கிறார்கள் என்பதே எனக்கு அந்த மரங்களை இன்னும் அழகாக்கியது. ஆனால் மரத்துக்கும் தத்துவத்துக்கும் முன்னால் அங்கே தண்ணீர் வந்தது. மலையைக் குடைந்து, பக்கத்து மாகாணத்து ஏரியிலிருந்து வந்தது.

அது தெரிந்ததும் எங்கள் இருவருக்கும், பெரியாற்றுத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கும் நம் லோயர் கேம்ப்தான் நினைவுக்கு வந்தது. பிறகு நான்கு நாளும் கோயில், அரண்மனை என்று நாங்கள் போட்டு வைத்திருந்த பட்டியலை ஓரம் கட்டிவிட்டு, அந்தத் தண்ணீர் வந்த வழியே திரும்பி நடந்தோம்.

இரண்டு கதைகளும் ஏறத்தாழ ஒரே பத்தாண்டில் நடந்தவை. 1869இல் தலைநகரம் டோக்கியோவுக்குப் போய்விட்டது. ஆயிரம் ஆண்டுக்கு மேல் அரசர் இருந்த கியோட்டோவில் தொழிலும் படுத்தது, ஆட்களும் குறைந்தார்கள். ஆளுநராக வந்த கிதகாகி குனிமிச்சி, ஜப்பானின் மிகப் பெரிய ஏரியான பிவாவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தால் ஊர் பிழைக்கும் என்று நம்பினார். அந்த வேலையை அவர் ஒப்படைத்தது, பொறியியல் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த தனபே சகுரோவிடம். வயது இருபதைத் தாண்டி ஒன்றிரண்டுதான். வலக்கை விரலில் அடிபட்டிருந்ததால் பட்டப்படிப்பு ஆய்வை இடக்கையால் எழுதி முடித்தவர். ஆய்வின் பொருளே இந்தக் கால்வாய். 1885இல் தொடங்கி 1890இல் முடித்தார். முதல் சுரங்கம் மட்டும் 2,436 மீட்டர். அன்றைய ஜப்பானில் அதைவிட நீளமான சுரங்கம் இல்லை. இரண்டு முனையிலிருந்து குடைந்தால் காலம் போதாது என்று, மலையின் நடுவில் 47 மீட்டர் ஆழத்துக்குக் கிணறு வெட்டி இறங்கி அங்கிருந்தும் குடைந்தார்கள்.

நம் பக்கத்துக் கதையைக் கம்பம் பள்ளத்தாக்கில் பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றைக் கிழக்கே திருப்பலாமா என்று பார்த்துவர, ராமநாதபுரம் சமஸ்தானப் பிரதானி முத்து இருளப்ப பிள்ளை 1789இலேயே ஆள் அனுப்பினார். நூறு ஆண்டு கழித்துத்தான் அது நடந்தது. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை, 1887இல் வேலை, 1895 அக்டோபரில் திறப்பு. ராணுவப் பொறியாளர் ஜான் பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லும் கொண்டு அணையைக் கட்டி எழுப்பினார். தேக்கடியிலிருந்து மலைக்குள் சுமார் 5,700 அடிச் சுரங்கம். மேற்கே போக வேண்டிய தண்ணீர் அதன் வழியே நம் பக்கம் இறங்கி, வைரவனாறு, சுருளியாறு என்று பெயர் மாறி மாறி வைகைக்குப் போகிறது. இங்கே மேற்கு கிழக்காகியது. அங்கே தெற்கே ஓடும் ஊரில் ஒரு வாய்க்கால் வடக்கே போகிறது.

இன்னொரு பொருத்தமும் உண்டு. அந்தக் கால்வாய்த் தண்ணீரில் கெஆகே என்ற இடத்தில் 1891இல் மின்சாரம் எடுத்தார்கள். அந்த மின்சாரத்தில் ஜப்பானின் முதல் மின்சார டிராம் கியோட்டோ தெருவில் ஓடியது 1895இல். அதே ஆண்டுதான் பெரியாற்றுத் தண்ணீர் கம்பத்துக்கு வந்தது. லோயர் கேம்ப்பில் மின் நிலையம் வர நமக்கு இன்னும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆனது. ஆனால் நமக்கு மின்சாரத்துக்கு முன்னால் சோறு வேண்டியிருந்தது. பஞ்சத்தில் அடிபட்ட மண்ணில் முதலில் நெல் விளைந்தது என்பதில் எனக்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை.

இனி, சுற்றிப் பார்க்கப் போகும் இருவர் கண்ணுக்கு இந்த இரண்டு தண்ணீரும் எப்படித் தெரிகின்றன என்பதற்கு வருகிறேன். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது.

கெஆகே நிலையத்தில் மெட்ரோவை விட்டு இறங்கி மேலே வந்ததும் ஒரு சின்னச் செங்கல் குகைவழி. இரண்டு பேர் சேர்ந்து நடக்கலாம், அவ்வளவுதான் அகலம். உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்த்தால் செங்கல் வரிசை நேராக இல்லை. முறுக்குப் பிழிந்தது போலச் சுழன்று சுழன்று போகிறது. மேலே இருக்கும் சரிவுப் பாதையில் படகுகளை வண்டியில் ஏற்றி இழுத்தார்கள்; அந்தப் பாரம் இந்தக் குகைவழியைக் குறுக்குச் சாய்வாகக் கடக்கிறது. பாரத்தைத் தாங்கத்தான் கல்லையே முறுக்கி அடுக்கியிருக்கிறார்கள். எங்கள் வீட்டுக்காரர் ஒரு வரிசையை விரலால் தொட்டுக்கொண்டே அந்த முனைவரை நடந்தார். "கொத்தனாருக்குக் கை எம்புட்டு நிதானம்" என்றார். எந்தக் கோயிலிலும் அவர் இவ்வளவு நேரம் நின்று நான் பார்க்கவில்லை.

மேலே அந்தச் சரிவுப் பாதை 582 மீட்டர். தண்டவாளம் கிடக்கிறது. படகுப் போக்குவரத்து நின்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இரண்டு பக்கமும் செர்ரி மரம் நட்டு, ஜனங்களை நடக்க விட்டிருக்கிறார்கள். கொஞ்ச தூரத்தில் நான்சென்ஜி கோயில் வளாகம். அதற்குள்ளேயே செங்கல் வளைவுகள் மீது கால்வாயின் கிளை போகிறது. 1888இல் கட்டி முடித்த தொட்டிப் பாலம் அது. கூட்டம் முழுக்க வளைவுக்கு அடியில் படம் எடுக்கிறது. பக்கத்துப் படியில் ஏறியவர்கள் நாங்களும் இன்னும் நாலைந்து பேரும்தான். ஏறிப் பார்த்தால் தலைக்கு மேல் இருந்த தண்ணீர் கால் பக்கத்தில் விறுவிறுவென்று போகிறது. நூறு ஆண்டைத் தாண்டியும் வேலையில் இருக்கும் தண்ணீர். இன்றைக்கும் கியோட்டோ வீடுகளின் குழாயில் வருவது பிவா ஏரித் தண்ணீர்தான்.

பக்கத்திலேயே கால்வாய்க்கென்று ஓர் அருங்காட்சியகம் 1989இல் திறந்திருக்கிறார்கள். நுழைவுக் கட்டணம் இல்லை. பழைய வரைபடம், பழைய நீர்ச்சக்கரம் எல்லாம் உண்டு. ஏரிக்கரை ஊரான ஓட்சுவிலிருந்து சுரங்கத்துக்குள்ளேயே படகில் வரும் பயணத்தை 2018 முதல் மறுபடி நடத்துகிறார்கள். 2025இல் சுரங்கங்களும் சரிவுப் பாதையும் தொட்டிப் பாலமும் ஜப்பானின் தேசியப் பொக்கிஷங்கள் ஆயின. கோயிலுக்கும் சிற்பத்துக்கும் கொடுக்கும் மரியாதை வாய்க்காலுக்குக் கிடைத்தது என்பதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நம் ஊருக்கு வரும் தம்பதி என்ன பார்க்கிறார்கள்? காலையில் சுருளி அருவி. வழியில் பந்தலுக்குள் நின்று பன்னீர் திராட்சைக் குலையோடு ஒரு படம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பிறகு வண்டி குமுளி மலைப் பாதையில் ஏறிவிடும். லோயர் கேம்ப்பைக் கடக்க ஐந்து நிமிடம் ஆகாது. மலைச் சரிவில் மின் நிலையத்துக்கு இறங்கும் நாலு ராட்சதக் குழாயை ஜன்னல் வழியே பார்த்து, "என்னமோ பைப்பு போகுது" என்பார்கள். இரைச்சல் பாலத்தில் தண்ணீர் விழும் சத்தம் வண்டிக் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வராது. மேலே போய்த் தேக்கடியில் படகு ஏறுவார்கள்; யானை தெரிகிறதா என்று கரையைப் பார்ப்பார்கள். தாங்கள் மிதப்பது ஏரியில் அல்ல, அணை தேக்கிய நீரில் என்பதோ, அதே தண்ணீர்தான் தலைமதகு வழியே இறங்கி, காலையில் அவர்கள் பார்த்த வயலுக்குப் போகிறது என்பதோ அவர்களிடம் சொல்ல அங்கே யாரும் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைய வைக்கும் தண்ணீரின் மேலே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு, அதை அறியாமலே திரும்புகிறார்கள்.

அணைப் பகுதிக்குப் பொதுமக்கள் போக முடியாது. அது புலிகள் காப்பகம், அடுத்த மாநிலம், வழக்கு என்று காரணங்கள் உண்டு. அவற்றை நான் குறை சொல்லவில்லை. ஆனால் லோயர் கேம்ப்பிலிருந்து கீழே வரும் ஆற்றுக்கு என்ன தடை? கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று அது வரும் வழி முழுக்க நம் ஊர். அந்தக் கரையில் இருவர் சேர்ந்து ஒரு மணி நேரம் நடக்க ஓர் இடம் உண்டா? பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்தால் பாலித்தீன் பையும் சாக்கடை விழும் வாயும்தான் தெரிகின்றன. மலையைக் குடைந்து கொண்டுவந்த தண்ணீரில் ஊர்க் கழிவை விடுகிறோம். இதை எழுதும்போதே கை கூசுகிறது.

அதற்காகக் கியோட்டோ எல்லாவற்றிலும் மேல் என்று சொல்ல மாட்டேன். அந்தச் சரிவுப் பாதையில் வாடகைக் கிமோனோ உடுத்திப் படம் எடுத்தவர்களில் எத்தனை பேருக்குத் தனபே பெயர் தெரியும்? கால்வாய் ஓரப் பூங்காவில் இளைஞராகவே சிலையாய் நிற்கிறார் அவர். நாங்கள் நின்ற நேரத்தில் வேறு யாரும் அவர் பக்கம் வரவில்லை. அங்கே நன்றி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இங்கே அது அடுப்பில் இருக்கிறது. பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15 பெரும்பாலும் தைப்பொங்கலோடு சேர்ந்தே வரும். பாலார்பட்டியில் அவருக்கென்று பொங்கல் வைக்கிறார்கள். வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர் படம் மாட்டியிருப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. பிள்ளைக்கு அவர் பெயரை வைத்தவர்கள் உண்டு. மனைவியின் நகையை விற்று அணை கட்டினார் என்று ஊர் சொல்லும் கதைக்கு ஆவணம் கிடையாது. ஆனாலும் அந்தக் கதையில் கணவனோடு மனைவிக்கும் நன்றி போய்ச் சேர்கிறது. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் 2013இல் வந்தது. இங்கிலாந்தில் அவர் வாழ்ந்த கேம்பர்லியில் 2022இல் சிலை வைக்கப்பட்டது. அதற்கெல்லாம் வெகு முன்பிருந்தே ஜனங்கள் அவரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தனபேவிடம் ஒன்று மட்டும் என் மனத்தை விட்டுப் போகவில்லை. வேலையில் இறந்த 17 பேருக்குத் தன் சொந்தச் செலவில் நினைவுக்கல் நட்டிருக்கிறார். பெரியாற்று வேலையில் காய்ச்சலிலும் காலராவிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். அவர்களில் சிலரின் கல்லறைகள் அணைக்குப் பக்கத்தில் காட்டுக்குள் கிடக்கின்றன. பென்னிகுவிக்கை நினைக்கும் நாம் கல் சுமந்த அந்த ஆட்களுக்கு ஒரு பொங்கலும் வைக்கவில்லை.

பக்கத்து மாநிலத்துத் தண்ணீர் என்பதிலும் இரண்டு ஊரும் ஒன்றுதான். பிவா ஏரி இருப்பது ஷிகா மாகாணத்தில். கியோட்டோ நகரம் ஆண்டுதோறும் 20 கோடி யென்னுக்கு மேல் ஷிகாவுக்குக் கொடுக்கிறது. அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கால்வாய் நன்றிப் பணம்'. நாமும் கேரளத்துக்குக் குத்தகை கட்டுகிறோம். ஏக்கருக்கு 5 ரூபாயாக இருந்ததை 1970இல் 30 ரூபாய் ஆக்கினார்கள். தொகையை ஒப்பிட நான் வரவில்லை. நம் உரிமை 2014இல் உச்ச நீதிமன்றம் வரை போய் உறுதியானது. அதில் ஓர் அடிகூட விட்டுக்கொடுக்கக் கூடாது என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் ஒரு பணத்துக்கு நன்றி என்று பெயர் வைத்தால் இரண்டு ஊர்ப் பேச்சும் எவ்வளவு தணிந்துவிடுகிறது என்பதை அங்கே கண்டேன்.

என் தீர்ப்பு இதுதான்: நினைப்பதில் கம்பம் மேல், காட்டுவதில் கியோட்டோ மேல். காட்டுவது நம்மால் முடியாத காரியம் அல்ல. மணிமண்டபத்திலிருந்து ஆற்றங்கரையில் கூடலூர் வரை ஒரு நடைபாதை, நிழலுக்குப் புங்கையும் மருதமும், நூறடிக்கு ஒரு தமிழ்ப் பலகை. இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் கொண்டுவந்தார்கள், யார் செத்தார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். சாக்கடையை ஆற்றில் விடுவதை நிறுத்த வேண்டும். எங்கள் பக்கத்து ஊராட்சிகளும் பேரூராட்சிகளும் நகராட்சிகளும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை, தேக்கடி போகும் தம்பதிகளுக்கு ஒரு வார்த்தை. அணையில் இருப்பு சரியாக இருந்தால் ஜூன் மாதம் முதல் போகத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். தலைமதகில் பூத் தூவி ஷட்டரைத் தூக்குவார்கள். அந்த வாரம் வாருங்கள். லோயர் கேம்ப்பில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, இரைச்சல் பாலத்தில் கொஞ்ச நேரம் பேசாமல் நில்லுங்கள்.