இருவர் பெயரும் ஒரு நூலும்: கோலோன் இணையரின் காதற் புதினங்களில் ஆக்கியோன் யார்?

நூலை இயற்றியவர் யார் என்னும் வினா தமிழாராய்ச்சி உலகிற்குப் புதியதன்று. ஒரே பெயருடைய புலவர் பலரைப் பிரித்தறிவதிலும், ஒருவர் மேல் ஏற்றப்பெற்ற நூல்களை அவர் இயற்றியனவே என்று கொள்ளலாமா என ஆராய்வதிலும் நம் முன்னோர் நெடிது உழைத்துள்ளனர். சிறப்புப்பாயிரத்திற்கு இலக்கணம் கூற வந்த நன்னூலார் ஆக்கியோன் பெயரையே முதற்கண் வைத்தார். ஆயினும், இருவர் கூடி ஒரு நூலை ஆக்குமிடத்து ஆக்கியோன் பெயரை எங்ஙனம் துணிவது? இரட்டைப் புலவருள் ஒருவர் வெண்பாவைத் தொடங்க மற்றவர் முடித்தார் என்று செவிவழிச் செய்தி கூறும். ஆண்டுப் பங்கு பிரிப்பது எளிது. அடியை எண்ணினாற் போதும். புதினத்திலோ அடியும் இல்லை, எண்ணுதற்கு இடமும் இல்லை. அவ்விருவரும் கணவனும் மனைவியுமாயின் சிக்கல் இன்னும் மிகும். ஒரே மேசையில் அமர்ந்து பேசி எழுதியதற்குச் சான்று பகர வேறொருவர் இருத்தல் அரிது.

மேலைநாட்டுக் காதற் புதின வரலாற்றில் இத்தகைய இணையர் சிலர் உளர். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் ஆக்னெஸ் காசில், எகர்ட்டன் காசில் என்னும் இருவர் பழங்காலப் பின்புலத்தில் காதற்கதைகளைக் கூடி எழுதினர். எகர்ட்டன் வாட்போர்க் கலையின் வரலாற்றை ஆராய்ந்து 1885-இல் வெளியிட்ட நூல் அத்துறையில் இன்றும் மதிக்கப்படுவது. ஆதலின், அவர்தம் புதினங்களில் வாள் உறையினின்று வெளிவரும்போதெல்லாம் கணவரின் கை புலப்படுவதாகவும், மனம் பேசும்போதெல்லாம் மனைவியின் கை புலப்படுவதாகவும் படிப்போர் எளிதாகக் கருதிவிடுவர். இது பிழைபட்ட முறை என்பது எம் கருத்து. வாட்போர் தெரிந்தவர் அதனை மனைவிக்குச் சொல்லியிருக்கலாம். எழுதியவர் மனைவியாகவும் இருக்கலாம். பொருளைத் தந்தவர் வேறு, சொல்லைத் தந்தவர் வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே இத்துறையில் நேரும் பெரும்பிழை.

இவர்களுக்குச் சிறிது பின்வந்த வில்லியம்சன் இணையர், மோட்டார் வண்டி புதுமையாக இருந்த காலத்தில், செல்வ மகள் ஒருத்தியையும் வண்டியோட்டியாக வேடம் பூண்ட உயர்குடி இளைஞன் ஒருவனையும் வைத்துக் கடித வடிவில் 'லைட்னிங் கண்டக்டர்' (1902) என்னும் கதையை வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்றனர். கணவர் சார்லஸ் பத்திரிகையாளர். 'பிளாக் அண்டு ஒயிட்' என்னும் இதழைத் தோற்றுவித்தவர். அவர் 1920-இல் மறைந்தார். மனைவி ஆலிஸ் மியூரியல் 1933-இல் தாம் மறையுங்காறும் எழுதிக்கொண்டிருந்தார். ஒருவர் மறைந்த பின்னும் எழுத்து நின்றுவிடாமை சிறந்ததோர் அகச்சான்று. இதனை இங்குக் குறித்துக்கொண்டு, இக்கட்டுரையின் பொருளாகிய கோலோன் இணையரிடம் செல்வோம்.

சிமோன் ஷான்ஜோ 1921-இல் பிரான்சு நாட்டின் தூலோன் துறைமுக நகரில் கடற்படை அலுவலர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். இளமையிலேயே எழுதத் தொடங்கினார். முதல் நூலை வெளியிட்டபோது சூடிய புனைபெயர் வேறு. இரண்டாம் உலகப் போருக்குப் பின், தம் நூலொன்றிற்குக் கிடைத்த பரிசுப் பணத்தைக் கொண்டு பத்திரிகையாளராக ஆப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்கே வ்செவொலொத் கொலுபினோவ் என்னும் உருசியரைச் சந்தித்தார். அவர் 1903-இல் புகாரா நகரில் பிறந்தவர், புரட்சிக்குப் பின் நாடு துறந்து பிரான்சுக்கு வந்தவர், நிலப்பொருளியல் வல்லுநர், தாதுக்களைத் தேடிப் பல நாடுகளில் அலைந்தவர். பதினெட்டு ஆண்டு மூத்த அவரைச் சிமோன் மணந்தார். கொலுபினோவ் என்னும் குலப்பெயரின் சுருக்கமே கோலோன். இவ்வாறு ஆன் கோலோன், செர்ஜ் கோலோன் என்னும் இரு எழுத்துப்பெயர்கள் எழுந்தன.

ஆப்பிரிக்காவிலிருந்து திரும்பியபின் அவர்கள் வெர்சாய் நகரில் தங்கினர். கையில் பொருள் இல்லை, பிள்ளைகள் பிறந்துகொண்டிருந்தனர். எழுத்தால் வாழ்வதென்று துணிந்து, பதினான்காம் லூயி மன்னன் காலத்தைப் பின்புலமாகக் கொண்ட நெடுங்கதை ஒன்றைத் திட்டமிட்டனர். வெர்சாய் நூலகத்தில் அக்காலத்து ஆவணங்களையும் நினைவுக் குறிப்புகளையும் ஆண்டுக்கணக்கிற் பயின்றனர். அதன் பயனே 'ஆஞ்செலிக்' வரிசை. 1957 முதல் 1985 வரை பிரெஞ்சில் பதின்மூன்று நூல்களாக அது வெளிவந்தது. முதற் பகுதி பிரெஞ்சினும் முந்தி 1956-இலேயே செருமன் மொழியில் அச்சேறியது. 1964 முதல் 1968 வரை ஐந்து திரைப்படங்கள் அதனினின்று எடுக்கப்பட்டன.

கதையை விரிப்பது நம் நோக்கமன்று. வேண்டிய அளவே கூறுவோம். பொருளற்ற உயர்குடியிற் பிறந்த ஆஞ்செலிக், தூலூஸ் நகரத்துக் கோமகனாகிய ஜொப்ரே தெ பெய்ராக்குக்கு மணமுடிக்கப்பெறுகிறாள். அவன் கால் ஊனமுற்றவன், முகத்தில் வடு உடையவன், தன்னினும் மூத்தவன், பேரறிஞன். வெறுப்போடு வந்தவள் காதலியாகிறாள். மன்னனின் பொறாமைக்கு இலக்கான அவன்மேல் சூனியக் குற்றம் சாட்டப்பட்டு எரியூட்டும் தண்டனை விதிக்கப்படுகிறது. கணவன் இறந்தான் என்று நம்பிய அவள் பாரிசுக் கள்வர் சேரியிலும், அரசவையிலும், மத்தியதரைக் கடலிலும், மொராக்கோ அந்தப்புரத்திலும் அலைந்து, பல நூல்களுக்குப் பின்னரே அவனை உயிரோடு காண்கிறாள். பிற்பகுதி வட அமெரிக்காவிற் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் நிகழ்வது.

இனி, ஆக்கியோன் பெயரை நோக்குவோம். முதற்கண் வந்த செருமன் பதிப்பில் ஆன் கோலோன் பெயர் மட்டுமே நின்றது. பிரெஞ்சுப் பதிப்பில் இருவர் பெயரும் இடம்பெற்றன. ஆங்கிலப் பதிப்பிலோ இரு பெயரும் பிணைக்கப்பட்டு 'செர்ஜ்ஆன் கோலோன்' என்று ஒரே ஆளாயின! அட்டையை மட்டும் கண்ட ஆங்கில வாசகர் அப்பெயருடையார் ஆணா பெண்ணா, ஒருவரா இருவரா என்று அறிய வழியில்லை. மூன்று நாட்டில் மூன்று வகையாக ஒரு நூலின் ஆசிரியர் மாறுவாராயின், தலைப்பேட்டை ஆசிரியத்துவத்திற்குச் சான்றாகக் கொள்வது எங்ஙனம்? சந்தையின் தேவையை அது காட்டும். எழுதிய கையைக் காட்டாது. வரலாற்றுப் புதினத்திற்கு ஆடவர் பெயர் இருந்தால்தான் மதிப்பு உண்டாகும் என்று கருதிக் கணவர் பெயரைச் சேர்த்தனர் என்றும், எழுதியவர் தாமே என்றும், கணவர் வரலாற்று ஆராய்ச்சியில் துணைநின்றார் என்றும் ஆன் பிற்காலத்தில் விளக்கினார்.

இக்கூற்றை அப்படியே ஏற்கலாமா? உரிமை கோரும் ஒருவரின் வாக்குமூலம் இது, மற்றவர் இறந்துவிட்டார். ஆராய்ச்சியாளர் இங்குச் சிறிது தயங்குதல் தகும். ஆயின், இதற்கு அரணாகும் அகச்சான்று உண்டு. செர்ஜ் 1972-இல் கனடாவின் கியூபெக் நகரில் காலமானார். அதற்குப் பின் 1976, 1980, 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் நான்கு நூல்கள் வந்தன. பதின்மூன்றில் நான்கு என்பது சிறு பங்கன்று. மேலும், செர்ஜ் தம் இறுதி ஆண்டுகளில் ஓவியத்தில் ஈடுபட்டிருந்தார். எழுதும் கை அவருடையதாயின் 1972-க்குப் பின் கதை நின்றிருக்க வேண்டும். அன்றேல் வேறொன்றாக மாறியிருக்க வேண்டும். இரண்டும் நிகழவில்லை. யாம் பிரெஞ்சு அறியோம்; ஆங்கிலப் பெயர்ப்போ பத்தாம் நூலாகிய 1976-ஆம் ஆண்டு நூலோடு நின்றுவிட்டது. ஆதலின் நடை வேற்றுமை பற்றி எம்மால் முடிவு கூறவியலாது. ஆயினும் அப்பத்தாம் நூலில் பாத்திரங்களின் இயல்போ கதை நடத்தும் முறையோ முறிந்ததாக எமக்குத் தோன்றவில்லை. பிரெஞ்சு பயின்ற நம் மாணவர் எவரேனும் ஒன்பதாம் நூலையும் பதினோராம் நூலையும் சொல்லடைவு வகுத்து ஒப்பிடுவாராயின் ஐயம் பெரிதும் நீங்கும்.

இங்ஙனம் கூறுவதால் செர்ஜின் பங்கு ஒன்றுமில்லை என்பது பெறப்படாது. பெய்ராக் மீதான வழக்கை உற்று நோக்குக. அவன் செய்த 'சூனியம்' யாது? கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாகப் பாறையிற் கலந்து கிடக்கும் பொன்னை ஈயத்தின் துணையாற் பிரித்தெடுத்தான். உருகிய ஈயம் பொன்னைத் தன்பால் ஈர்த்துக்கொள்ளும். பின்னர்க் காற்றுப்பட உருக்கினால் ஈயம் காற்றோடு கூடிக் கழிவாக நீங்கப் பொன் மட்டும் எஞ்சும். இது மாற்றுக் காணும் தொழிலாளர் தொன்றுதொட்டு அறிந்த முறை. இதனைக் கண்ட துறவி ஒருவன், இழிந்த உலோகத்தைப் பொன்னாக்கும் இரசவாதம் என்று மயங்குகிறான். பொன்னாக்கும் மறையைத் தனக்கு உரைக்கவில்லை என்று பகைகொள்கிறான். உள்ளதைப் பிரிப்பதற்கும் இல்லதை ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடு அவனுக்கு விளங்கவில்லை. அவ்வேறுபாட்டின் மேல்தான் ஒருவன் உயிர் ஊசலாடுகிறது. நூலகத்தில் அமர்ந்து அரசவை நடைமுறைகளைத் தொகுத்தவர் எவரும் இத்தகைய கதைமுடிச்சை எளிதிற் கண்டிரார். தாதுவையும் உலையையும் அறிந்தவர் அருகிலிருந்து சொன்னதே இதற்கு வித்தாதல் வேண்டும் என்று கருதுகிறோம்.

காசில் இணையரிடத்து வாட்போர் கதைக்கு அணியாக நின்றது. கோலோன் இணையரிடத்து உலோக அறிவு கதையின் உயிர்நிலையாகிவிட்டது. பெய்ராக்கின் அறிவு இல்லையேல் வழக்கு இல்லை. வழக்கு இல்லையேல் பிரிவு இல்லை. பிரிவு இல்லையேல் ஆஞ்செலிக்கின் நெடும்பயணமும் இல்லை. எனவே செர்ஜை 'உதவியாளர்' என்று ஒதுக்குவது குறைவு; ஆனை 'இருவருள் ஒருவர்' என்று அடக்குவது அதனினும் பெருங்குறை. கதைக்கு வேண்டிய பொருளுள் ஒரு பகுதி அவர் தந்தது. அப்பொருளைப் பெண்ணொருத்தியின் வாழ்வாக்கி, இருபத்தெட்டு ஆண்டு தொய்வின்றி நடத்திய சொல் இவருடையது. ஆக்கியோன் என்னும் சொல்லுக்கு உரியவர் சொல்லைத் தந்தவரே என்பது எம் துணிபு. உரையாசிரியர்க்குப் பொருள் விளக்கிய நல்லாசிரியரை நாம் போற்றுகிறோம். உரையை அவர் பெயரால் வழங்குவதில்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவாயின் இத்துணை வற்புறுத்த வேண்டியதில்லை. பெயர் சென்ற வழியே உரிமையும் செல்லும். உலகெங்கும் விற்ற நூலை எழுதியவர், தம் படைப்புகளின் உரிமைக்காக முதுமையில் நீதிமன்ற வாயிலில் நெடுங்காலம் நிற்க நேர்ந்தது. 2004-இல் உடன்பாடு ஏற்பட்டு உரிமை அவரிடம் மீண்டபோது அவருக்கு அகவை எண்பத்து மூன்று. அந்த அகவையில் ஓய்வு கொள்ளாது, பழைய பதிப்புகளில் வெட்டப்பட்ட பகுதிகளை மீட்டும் திருத்தியும் வரிசை முழுவதையும் புதிதாக்கும் பணியில் இறங்கினார். சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடம் தேர்ந்தவர்கட்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும். இங்குப் பதிப்பாசிரியரே மூலநூலாசிரியர் என்பது அரிதாக வாய்த்த நிலை.

கதைக்குள் கிடக்கும் ஒரு செய்தியையும் சொல்லவேண்டும். கணவன் உயிரோடிருந்த காலத்தில் எழுதிய நூல்களில் ஆன், கதைத்தலைவியிடமிருந்து அவள் கணவனைப் பிரித்து, இறந்தான் என்றே நம்பவைத்து, நூல் பல கடந்தே கூட்டினார். தம் கணவர் மறைந்தபின் எழுதிய நூல்களிலோ பெய்ராக்கை அவர் மாய்க்கவில்லை.

ஆன் கோலோன் 2017-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 14-ஆம் நாள், தொண்ணூற்றைந்தாம் அகவையில் வெர்சாயில் மறைந்தார். திருந்திய புதுப்பதிப்பின் தலைப்பேட்டில், 1956-இன் செருமன் பதிப்பிற் போலவே, அவர் பெயர் ஒன்றே நிற்கிறது.