பாரிஸ் கொல்லர்கள் தோற்ற கதை

புதுச்சேரி கடற்கரைச் சாலையில் காலாற நடக்கும்போது கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1674-ல் பிரான்ஸுவா மர்த்தேன் வந்ததிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் இங்கேதான் துணி வியாபாரம் பார்த்தார்கள். மேற்கே, பழைய தென்னாற்காட்டின் மேல்சிறுவளூரில், மண் மூசைகளில் உருக்கு காய்ச்சிய தடயங்களை 1990-களில் ஆய்வாளர் சாரதா ஸ்ரீனிவாசன் கண்டறிந்தார். ஆனால் பாரிஸ் விஞ்ஞானி ரெயோமூருக்கு இந்திய உருக்குக் கட்டி கிடைத்தது எங்கிருந்து தெரியுமா? கெய்ரோவிலிருந்து!

ஆசையாகக் கொல்லர்களிடம் கொடுத்தார். யாராலும் அதை ஒரு கருவியாக அடிக்க முடியவில்லை. 1722-ல் தன் புத்தகத்தில் அதை ஒப்புக்கொண்டார்.

காரணம் பிற்பாடுதான் புரிந்தது. நம் உருக்கில் கார்பன் அதிகம். பாரிஸ்காரர்கள் வழக்கம்போல வெள்ளையாகப் பழுக்கக் காய்ச்சினால் பொடிந்துவிடும். செஞ்சூட்டிலேயே, பொறுமையாக, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும்.

அடித்தால் என்ன ஆகும்? உலோகம் வெளியே வழவழவென்று தெரிந்தாலும் உள்ளே ரவை மாதிரி குருணை குருணையாகத்தான் இருக்கிறது. குருணைக்குள் அணு வரிசைகள் வழுக்கினால் உலோகம் வளையும். வழுக்கல் குருணையின் எல்லையில் முட்டி நிற்கும். குருணை பொடியாகப் பொடியாக எல்லைகள் அதிகம், பலமும் அதிகம். ஹால், பெட்ச் என்ற இருவர் 1950-களின் தொடக்கத்தில் இதற்குச் சூத்திரமே கொடுத்தார்கள். சூடில்லாமல் அடித்துக்கொண்டே போனால் வேறு வம்பு. கட்டுக்கம்பியை நாலு தடவை மடக்கிப் பாருங்கள்: முதலில் விறைக்கும், அப்புறம் ஒடியும். சூடும் அடியும் அளவாகச் சேர வேண்டும்.

1970-களில் ஸ்டான்ஃபோர்டில் ஷெர்பி, வாட்ஸ்வொர்த் இருவரும் கார்பன் மிகுந்த உருக்கை மிதமான சூட்டில் கடுமையாக நசுக்கி உருட்டினார்கள். குருணை ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சிறுத்தது. பலம் கூடியது, தக்க சூட்டில் மிட்டாய் போல இழுபட்டது! புதுசு என்று நினைத்தால், அதன் கார்பன் அளவு பழைய டமாஸ்கஸ் வாள்களோடு ஒத்துப்போனது. அந்த வாள்களுக்கு மூலப்பொருள் நம் ஊர்க் கட்டிகள்தான்.

இதற்குள் நம் மூசை உலைகள் அணைந்து நூறு வருஷம் ஓடிவிட்டது. ரெயோமூரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. அந்தக் கட்டியைக் காய்ச்சியவர் பெயர்? யாரும் எழுதி வைக்கவில்லை.