சூட்டில் துருப்பிடிக்காத எஃகு: ஆக்சைடு படலத்தின் வரலாறு

துருப்பிடிக்காத எஃகு என்றதும் எவர்சில்வர் தட்டும் டம்ளரும் நினைவுக்கு வரும். ஆனால் அதன் வரலாறு சுட்டுச் சுட்டுத் தேய்ந்த துப்பாக்கிக் குழல்களில் தொடங்குகிறது. இங்கிலாந்தின் செஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர், அந்தச் சூட்டைத் தாங்கும் உலோகத்தைத் தேடி எஃகில் குரோமியத்தைச் சேர்த்துப் பார்த்தார். 1913 ஆகஸ்டில் அவர் உருக்கிய எஃகில் 12.8 விழுக்காடு குரோமியம் இருந்தது. நுண்ணோக்கியில் பார்க்க அமிலம் தடவியபோது அது எளிதில் அரிபடவில்லை. சாப்பாட்டு மேசைக் கத்திகள் அதனால் புகழ்பெற்றன. குழல் மறக்கப்பட்டது. எனினும் முதல் உலகப்போரில் விமான எஞ்சின்களின் புகைபோக்கி வால்வுகளுக்கு இந்த எஃகுதான் தேவைப்பட்டது.

அது ஏன் தாங்குகிறது என்பது பிறகே விளங்கியது. இந்த எஃகும் ஆக்சிசனோடு சேரத்தான் செய்கிறது. முதலில் சேருவது குரோமியம். அதனால் உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலம் எஃகை மூடிக்கொள்கிறது. வெறும் பாத்திரம் அடுப்பில் காய்ந்தால் மஞ்சளும் நீலமும் தெரிவது, அந்தப் படலம் தடிப்பதன் அடையாளம். உலோகங்களில் தோன்றும் இத்தகைய நிறங்களை ஆராய்ந்த ஜெர்மானியர் குஸ்தாவ் டம்மான், 1920-இல் ஒரு விதியைக் கண்டார்: படலம் இருமடங்கு தடிக்க நான்கு மடங்கு நேரம் ஆகும். 1923-இல் பில்லிங், பெட்வொர்த் இருவரும் ஆக்சைடின் பருமனை, அது உண்டாகச் செலவான உலோகத்தின் பருமனோடு ஒப்பிட்டு, எந்தப் படலம் முழுதாக மூடும் என்று கணித்தனர். காரணத்தைச் சொன்னவர் கார்ல் வாக்னர் (1933). அயனிகளும் எலக்ட்ரான்களும் திடமான படலத்தைக் கடந்தால்தான் ஆக்சைடு வளரும். படலம் தடிக்கத் தடிக்க அவை கடக்க வேண்டிய தொலைவு கூடுகிறது. குரோமியம் ஆக்சைடில் இந்தப் பயணம் மிக மெதுவானது.

இந்தக் காவலுக்கும் எல்லை உண்டு. ஏறத்தாழ 1000 பாகை செல்சியசுக்கு மேல் குரோமியம் ஆக்சைடு மேலும் ஆக்சிசனோடு சேர்ந்து ஆவியாகத் தொடங்குகிறது. நீராவி இருந்தால் இழப்பு இன்னும் விரைவு. வியப்பான செய்தி வேறு: பரவலாகப் பயன்படும் 304 வகை எஃகு, காற்றில் தொடர்ந்து சூடாக இருந்தால் ஏறத்தாழ 925 பாகை வரை தாங்கும், சூடாகி ஆறி, மீண்டும் சூடானால் 870 பாகைதான். ஆறும்போது எஃகு சுருங்கும் அளவுக்கு ஆக்சைடு சுருங்குவதில்லை. படலம் வெடித்து உதிர்கிறது. ஒவ்வொரு முறையும் புதுப் படலத்துக்கு அடியிலுள்ள குரோமியம் செலவாகிறது. அது தீர்ந்த இடத்தில் இரும்பே ஆக்சிசனிடம் அகப்படுகிறது. அதனால்தான் உலைகளுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு குரோமியம் கொண்ட 310 வகையைத் தேர்கிறார்கள்.