உட்கிடை நிரல்முறை

மதிப்புக்குப் பெயர் சூட்டாமல், செயல்களை மட்டும் அடுத்தடுத்து வைத்து நிரல் எழுதுவது உட்கிடை நிரல்முறை. வேற்றுமைத்தொகையில் உருபு மறைந்தும் பொருள் விளங்குவதுபோல, இதில் மாறி (மதிப்பின் பெயர்) மறைந்தும் கணக்கு நடக்கும். எண் வரிசைகளை மொத்தமாகக் கையாளும் அரே மொழிகளில் இது செழித்தது.

அரே மொழிகளின் மூலவர் கனடாவின் கென்னத் ஐவர்சன். ஹார்வர்டில் பாடம் நடத்த அவர் வகுத்த குறியீடு 1962இல் நூலாகி, பின்னர் ஐபிஎம்மில் ஏபிஎல் மொழியானது. ஜான் பேக்கஸ் 1977ஆம் ஆண்டின் டூரிங் விருது உரையில் மாறிகளே இல்லாத நிரல்முறையை முன்வைத்தார். ஐவர்சனுக்கு அவ்விருது 1979இல் கிடைத்தது.

திருப்புமுனை 1989. ஏபிஎல்லில் மூன்று செயல்களை ஒட்டி எழுதினால் அதுவரை பிழைச் செய்தியே வரும். ஐவர்சனும் யூஜின் மெக்டொனலும் அந்தக் காலி இடத்துக்குப் பொருள் கொடுத்தார்கள். (அ ஆ இ) என்ற தொடரில் மதிப்பு அ, இ இரண்டுக்கும் தனித்தனியே போகும். வரும் விடைகளை ஆ இணைக்கும். இதற்குக் கவை என்று பெயர். ஓடிக்கொண்டிருந்த பழைய நிரல் எதற்கும் இதனால் சேதமில்லை. முன்மொழிவின் சாமர்த்தியம் அதில்தான்.

ஐவர்சனும் ரோஜர் ஹூயியும் 1990இல் வெளியிட்ட ஜே மொழியில் கவை இலக்கணமாகவே அமைந்தது. தாராபுரத்தில் ஒரு தையல் யூனிட் மூன்று நாளில் 40, 52, 46 டஜன் பனியன் தைத்ததாகக் கொள்வோம். சராசரிக்கு ஜேயில் +/ % # போதும். +/ கூட்டுகிறது, # எண்ணுகிறது, நடுவிலுள்ள % வகுக்கிறது. 138ஐ 3ஆல் வகுத்து 46. நாள் கணக்கின் பெயர் நிரலில் எங்குமே இல்லை.

தகராறு இரண்டு செயல் தொடரில். ஜேயில் (அ ஆ) என்றால் மூல மதிப்பையும் ஆ தந்த விடையையும் அ இணைக்கும், இது கொக்கி. 2014இல் டயலாக் ஏபிஎல் தன் 14.0 பதிப்பில் தொடர்களைச் சேர்த்தபோது கொக்கியை ஏற்கவில்லை. அங்கே ஆ தந்த விடை மட்டும் அ-வுக்குப் போகும். அதிகம் தேவைப்படுவது இதுதான் என்பதால் டயலாக்கின் முடிவே சரியெனப் படுகிறது. ஜேயில் அதே பலனைப் பெற [: என்ற குறியை முன்னால் செருக வேண்டும்; புதிதாகப் படிப்பவர் தடுக்கி விழும் இடம் அது.

மார்ஷல் லாக்பாம் 2020இல் வெளியிட்ட பிக்யூஎன் மொழியில், பெயரின் முதலெழுத்து பெரியதா சிறியதா என்பதே அது செயலா மதிப்பா என்று காட்டிவிடும். மாறிகளைத் தவிர்ப்பதில் கை ஷ்மிட்டின் உய்வா (2023) இன்னும் கறார்: செயலுக்குள் உள்ளூர் மாறிக்கே இடமில்லை, எல்லாம் மதிப்புகளின் அடுக்கின்மேல் (stack) நடக்கும்.

தமிழில் நிரலின் வாக்கிய அமைப்பைத் தொட்ட முயற்சி, முத்து அண்ணாமலையின் எழில் மொழி. 2009இல் அதுபற்றிய கட்டுரை வந்தது. அதில் நிபந்தனை முதலில் வரும், 'ஆனால்' பின்னால் வரும். தமிழ் வாக்கியம் போகும் வழி அது. ஆனால் எழிலில் மாறிகளுக்குப் பெயர் வெளிப்படையாகவே வேண்டும்.