பாலாற்று வழியும் மிதிவண்டியும்

வரலாற்றை வாசிப்பதற்கு நூலகத்துக்கு அடுத்தபடியாகச் சிறந்த இடம் மிதிவண்டியின் இருக்கை என்பது என் துணிபு. பேருந்தில் செல்பவனுக்கு ஊர்கள் வெறும் பெயர்ப்பலகைகளாகக் கடந்து போகின்றன. நடப்பவனுக்கோ ஒரு நாளில் இரண்டு ஊர்களுக்கு மேல் வாய்ப்பதில்லை. மிதிவண்டிக்காரன் ஊரையும் பார்க்கிறான், ஊருக்கும் ஊருக்கும் இடையிலுள்ள வெளியையும் பார்க்கிறான். 1970களில் கலிபோர்னியாவின் மரின் மலைச்சரிவுகளில் சில இளைஞர்கள் பழைய வண்டிகளைச் செப்பனிட்டு ஓட்டத் தொடங்கிய விளையாட்டு, இன்று சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்களை வார இறுதிகளில் ஏலகிரிக்கும் சவ்வாது மலைக்கும் கொண்டுவந்து சேர்க்கிறது. அவர்கள் மலையை நோக்கியே மிதிக்கிறார்கள். மலைக்குப் போகும் வழி எத்தகையது என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாலாறு கர்நாடகத்தின் நந்தி மலையில் தோன்றி, ஆந்திரத்தைச் சிறிது தொட்டு, வாணியம்பாடிக்கு மேற்கே தமிழகத்தில் நுழைகிறது. அதன் 348 கி.மீ. நீளத்தில் 222 கி.மீ. தமிழகத்தில் உள்ளது. ஒரு பக்கம் சவ்வாது மலைத்தொடர், மறுபக்கம் ஆந்திர எல்லைக் குன்றுகள். இடையே ஆறு வகுத்த இந்தப் பள்ளத்தாக்கு, மைசூர் மேட்டுநிலத்திலிருந்து கர்நாடகச் சமவெளிக்கு இறங்குவதற்கான இயற்கை வாசல். வணிகர், படைகள், யாத்திரிகர் என எல்லோரும் இதன் வழியே வந்தனர். பின்னர் இருப்புப்பாதையும் வந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் 1856 சூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து நின்ற இடம் இப்பகுதியின் வாலாசா சாலை நிலையம். இன்றைய 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையும் அதே பழைய வழியின் அகன்ற வடிவமே. ஆயினும் மிதிவண்டியில் வருபவர் நெடுஞ்சாலையை விட்டு விலகி, ஆற்றையொட்டிய ஊர்ச்சாலைகளைப் பிடிப்பதே நல்லது. உயிருக்கும் பாதுகாப்பு, வரலாற்றுக்கும் அண்மை.

வேலூர்க் கோட்டையிலிருந்து தொடங்கலாம். விசயநகர ஆட்சியின் கீழிருந்த நாயக்கர்கள் 16ஆம் நூற்றாண்டில் எழுப்பியது இக்கோட்டை. 1806 சூலை 10 அன்று விடியுமுன் இங்கே வெடித்த சிப்பாய்க் கலகத்தை நாம் பாடநூலில் படித்திருக்கிறோம். நெற்றிக்குறியும் தாடியும் தடை செய்யப்பட்டதோடு, புதிய தலைப்பாகை ஒன்றும் அணியச் சொன்னார்கள். அத்தலைப்பாகையில் தோலால் ஆன ஓர் அணி இருந்தது. எந்த விலங்கின் தோல் என்ற ஐயமே இந்து, முசுலிம் சிப்பாய்கள் இருவரையும் கொதிக்க வைத்தது. செய்தி ஆர்க்காட்டுக்கு எட்டியதும் கில்லெசுப்பி குதிரைப்படையுடன் ஏறத்தாழ 25 கி.மீ. விரைந்து வந்து கலகத்தை அடக்கினார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மாண்டனர். பிற்காலத்தில் தோலால் உலகச் சந்தையில் பெயர் பெறப்போகும் ஒரு நிலத்தில், ஒரு துண்டுத் தோல் இப்படியொரு பங்கை வகித்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று எனலாம்.

வேலூருக்கு மேற்கே பாலாற்றின் கரையில் விரிஞ்சிபுரம். இறைவன் பெயர் மார்க்கபந்தீசுவரர், தமிழில் வழித்துணைநாதர். கள்வருக்கு அஞ்சிய மிளகு வணிகன் ஒருவனுக்கு வீரன் வடிவில் இறைவன் வழித்துணையாக வந்தார் என்பது தலபுராணச் செய்தி. புராணத்தை நம்பாதவரும் அதிலுள்ள வரலாற்றை நம்பலாம். இவ்வழியே மிளகு சென்றது, அச்சமும் சென்றது என்பதற்கு அக்கதையே சான்று. இக்கோயிலில் 1425ஆம் ஆண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்றுண்டு. இரண்டாம் தேவராயர் காலத்தில் படைவீட்டு இராச்சியத்துக் கன்னட, தமிழ், தெலுங்கு, இலாட அந்தணர்கள் கூடி, இனித் திருமணத்தைக் கன்னிகாதானமாகவே செய்வது, பெண்ணுக்காகப் பொன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது என்று ஒப்பந்தம் செய்துகொண்டனர். மீறியவருக்கு அரச தண்டனையும் சாதி விலக்கும் விதிக்கப்பட்டன. அன்று சிக்கல் பெண்ணுக்குப் பொன் பெறுவதாக இருந்தது. இன்று தலைகீழாக மாறியிருக்கிறது. நான்கு மொழிக்காரர்கள் ஒரே கல்லின் கீழ் கையொப்பமிட்ட அந்தச் செய்தி, இப்பள்ளத்தாக்கு எல்லைப்புற நிலமாக இருந்ததையும், கலந்து வாழ்ந்ததையும் ஒருசேரச் சொல்கிறது.

பள்ளிகொண்டாவின் அரங்கநாதரைக் கடந்து மேற்கே சென்றால் ஆம்பூர். வேலூரிலிருந்து சுமார் 50 கி.மீ. இன்று ஆம்பூர் என்றதும் பிரியாணி நினைவுக்கு வருகிறது. 1749 ஆகஸ்டு 3 அன்று நடந்த போர் எவருக்கும் நினைவில்லை. கர்நாடக நவாபு அன்வருதீன், சந்தா சாகிபும் முசபர் சங்கும் பிரெஞ்சுப் படையும் சேர்ந்த கூட்டணியை எதிர்த்துத் தம் முதிய வயதில் களத்தில் நின்று இறந்தார். அவர் மகன் முகமது அலி திருச்சிக்குத் தப்பினார். திருச்சியைச் சந்தா சாகிபு முற்றுகையிட, அவர் கவனத்தைத் திருப்புவதற்காகவே கிளைவு 1751இல் ஆர்க்காட்டைப் பிடித்தார். ஆங்கிலேயரின் தென்னக ஆதிக்கத்துக்குக் கால்கோள் ஆர்க்காடு என்று எழுதுகிறோம். ஆர்க்காட்டின் காரணம் ஆம்பூரில் இருக்கிறது.

இனித் தோல். இந்நிலத்தின் பழைய பதனிடும் முறைக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போதுமானவை. காட்டுப்புறங்களில் பட்டை உரித்தவர், சுண்ணாம்புக் குழியில் தோலை இறக்கியவர், மயிர் நீக்கியவர் என்று அடித்தட்டு மக்களின் உழைப்பிலேயே அத்தொழில் நின்றது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு முசுலிம் வணிகர்கள் அதனைக் கடல் கடந்த வாணிகமாக வளர்த்தனர். அச்செல்வத்தில் பிறந்தவை கல்வி நிறுவனங்கள். கவிக்கோ அப்துல் ரகுமான் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றிய வாணியம்பாடி இசுலாமியக் கல்லூரி அவற்றுள் ஒன்று. 1970களில் அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாக்கிய தோலையும் காலணியையும் ஊக்குவித்தது. குரோமிய உப்பால் வாரக்கணக்கான வேலை சில நாட்களில் முடிந்தது. தொழில் பெருகியது. உப்பும் குரோமியமும் கலந்த கழிவு ஆற்று மணலில் இறங்கியது.

பாலாறு மேலே வறண்டு மணலடியில் ஓடும் ஆறு. அதனால் கழிவு கிணறுகளுக்குள் எழுந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகாததாகிவிட்டது என்ற ஆய்வை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிபெற்றதில் இவ்வழக்குக்கு முதன்மையான இடமுண்டு. சுற்றுச்சூழல் சட்டம் பயிலும் மாணவர் எல்லோரும் வேலூரின் பெயரை இவ்வழக்கால் அறிவர். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. எனினும், இழப்பீடும் சீரமைப்பும் முழுமை பெறாத நிலையில், 2025 சனவரி 30 அன்று அதே நீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இடையே ஏறத்தாழ 28 ஆண்டுகள். ஒரு விவசாயியின் உழைக்கும் காலத்தில் அது பெரும்பகுதி.

இத்தனையும் கடந்துதான் மலை வருகிறது. ஏலகிரிச் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர் பெயர்களையும் கடையெழு வள்ளல்கள் பெயர்களையும் சூட்டியிருக்கிறார்கள். கபிலரில் மூச்சு வாங்கிப் பாரியில் நிமிரலாம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகச் சவ்வாது மலையேறினால் காவலூர் வான்ஆய்வகம். 1986இல் அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் ஆய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயர். 1988இல் அங்கிருந்து கண்டறியப்பட்ட சிறுகோள் ஒன்றுக்கு இராமானுசன் பெயர் இடப்பட்டது. ஏறுவதற்கு மார்கழி முதல் மாசி வரை உகந்த காலம். வெயில் ஏறுமுன் மலையடியை அடைந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு வேண்டுகோள். சுற்றுலாவுக்கு வழித்தடம் வகுப்பதும் ஒருவகை வரலாற்றெழுத்தே. எந்த ஊரில் நிற்க வேண்டும், எதைக் கடந்து போகலாம் என்று வரைபடம் தீர்மானிக்கிறது. கோட்டை, கோயில், மலை, தொலைநோக்கி என்று குறித்துவிட்டு இடையிலுள்ள நிலத்தை வெற்றிடமாக விட்டால், அவ்வெற்றிடத்தில் பாழ்பட்ட கிணறும், ஆவாரம்பட்டை உரித்தவரின் நினைவும், இன்று காலணித் தொழிற்சாலைகளில் பெருந்தொகையினராக உழைக்கும் பெண்களும் மறைந்து போவார்கள். அரசு 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிப் பின்னர் 2005இல் விரிவாக்கிய மிதிவண்டித் திட்டத்தால் பள்ளிக்குச் செல்லும் பெண்கள் இதே ஊர்ச்சாலைகளில் நாள்தோறும் மிதிக்கிறார்கள். அவர்களுக்கு அது பொழுதுபோக்கன்று. வாழ்வின் அடுத்த படி.

ஆகவே வரைபடம் வரைபவர்கள் விரிஞ்சிபுரத்துக் கல்வெட்டைக் குறிப்பதுபோலவே, ஆற்றங்கரையில் உப்பேறிய ஒரு வயலையும் குறிக்கட்டும். போர்க்களத்துக்கு ஒரு நிறுத்தம் இருக்குமானால், கிணற்றுக்கும் ஒன்று இருக்கலாம். 2021 நவம்பரில் பாலாறு இருகரையும் புரண்டு ஓடியபோது பாலங்களில் நின்று மக்கள் ஆற்றைப் பார்த்தார்கள். தம் ஊரில் ஓர் ஆறு இருப்பதையே புதிதாய்க் கண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். அந்த ஆறு மறுபடியும் மணலுக்குள் இறங்கிவிட்ட நாட்களில் அதை நினைவில் வைத்திருக்க, அதன் கரையோரம் மெல்லச் செல்லும் மனிதர்கள் வேண்டும்.