மதுச்சாலையிலிருந்து நீதிமன்றுக்கு: டாட்ஸ் உலகப்போட்டியின் பிளவு

பிரித்தானிய மதுச்சாலைகளில் தொழிலாளர் பெரிதும் ஆடிவந்த டாட்ஸ் என்னும் சிற்றம்பெறி விளையாட்டு, 1978இல் நொட்டிங்காமில் தொடங்கிய உலகத் தொழில்முறைப் போட்டியினாற் புதுத்தகுதி பெற்றது. வேல்ஸ் நாட்டவரான லெய்ற்றன் றீஸ் முதல் வாகை சூடினார். ஆயின் எண்பதுகளின் இறுதியிலே தொலைக்காட்சி நிலையங்கள் ஏனைய போட்டிகளைக் கைவிட்டன. ஆட்டத்தையே பிழைப்பாகக் கொண்டோர்க்கு ஆண்டுக்கொரு தொலைக்காட்சி மேடையே எஞ்சிற்று. பிரித்தானிய டாட்ஸ் சங்கத்தின் அசிரத்தையிற் சலிப்புற்ற முன்னணி ஆட்டக்காரர் 1993இற் பிரிந்தனர். சங்கம் அவர்களுக்குத் தடைவிதித்தது; ஒழுக்காற்று நடவடிக்கை என்பதினும் பழிவாங்கல் என்பதே இதற்குப் பொருந்தும். 1994இற் பேர்ஃபிளீற்றில் அவர்கள் தொடக்கிய தனிப்போட்டியில் டெனிஸ் பிறீஸ்ற்லி வென்றார். வழக்கு 1997இல் உடன்பாட்டில் முடிந்தது; விரும்பிய பகிரங்கப் போட்டியில் ஆடும் உரிமை வீரர்க்குக் கிடைத்தது. 2007 டிசெம்பரில் இலண்டன் அலெக்சாண்ட்ரா மாளிகைக்குப் பெயர்ந்தது பிரிந்தோரின் போட்டியே. தாய்ச்சங்கமோ 2020இல் நொடித்துப்போயிற்று.